டிஷ்ஷைத் தொடுவதற்கு முன்: செயற்கைக்கோள் தரைநிலையக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

தரைநிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நள்ளிரவுத் தொலைபேசி பழகிப்போன ஒன்று. "லிங்க் போய்விட்டது" என்று மட்டும்தான் சொல்வார்கள். எது போனது, எப்போது போனது, அதற்குச் சற்றுமுன் யார் எதைத் தொட்டார்கள் என்பதையெல்லாம் நாமே துருவித் துருவிக் கேட்க வேண்டும். ஒரே கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து சலித்துப்போய், நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கி வைத்திருந்ததை இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

கடலடிக் கேபிள் நன்றாக இருக்கும்வரை எங்களை யாரும் நினைப்பதில்லை. 2022 ஜனவரி 15 அன்று எரிமலை வெடித்ததில் தொங்கா நாட்டை வெளியுலகோடு இணைத்திருந்த கடலடிக் கேபிள் அறுந்தது. அதைச் சரிசெய்ய ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அதுவரை வெளிநாட்டுப் பேச்சும் இணையமும் செயற்கைக்கோள் வழியாகவே நடந்தன. தீவு, கப்பல், மலைமேல் நிற்கும் செல்பேசிக் கோபுரம் என எதற்காவது உங்கள் நிலையம் ஒற்றை வழியாக இருந்தால், பதற்றத்தில் எடுக்கும் ஒரு முடிவு ஒரு மணி நேரக் கோளாறை மூன்று நாள் கோளாறாக்கிவிடும்.

## எதையும் திருகுவதற்கு முன்

ஸ்பெக்ட்ரம் அனலைசரை (எந்த அலைவரிசையில் எவ்வளவு வலு என்று திரையில் காட்டும் கருவி) வரவுப் பக்கத்து, அதாவது சிக்னலைப் பெறும் பக்கத்து, மானிட்டர் முனையில் செருகி, திரையைப் பாருங்கள். மோடத்தின் சிவப்பு விளக்கு "ஏதோ சரியில்லை" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. அனலைசர் திரையில் இரைச்சல் மட்டம் எங்கே நிற்கிறது, செயற்கைக்கோளின் பீக்கன் (அது ஓயாமல் அனுப்பும் அடையாள சிக்னல்) தெரிகிறதா, பிறருடைய கேரியர்கள் (தகவலைச் சுமந்து வரும் அலைகள்) தெரிகின்றனவா என்ற மூன்றையும் பார்த்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது.

நல்ல நாளில் எடுத்து வைத்த அனலைசர் திரையின் படமும் அளவுகளும் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்று பார்க்கும் எண் நல்லதா கெட்டதா என்று சொல்ல வழியில்லை. லிங்க் நன்றாக இருக்கும் ஒரு வெயில் நாளில் பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்துவைக்காத நிலையங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோளாறு வரும் நாளில் அந்தப் பத்து நிமிடத்துக்காக ஏங்குவார்கள்.

அனுப்பும் பக்கத்தை மியூட் செய்யாமல் ஃபீடின் (டிஷ்ஷுக்கு அலையைக் கொடுத்து வாங்கும் கொம்பு) முன்னாலோ டிஷ்ஷின் முன்னாலோ போகாதீர்கள். மியூட் செய்தது போதாது. ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சை அணைத்து, யாரும் போடாதபடி பூட்டிவிட்டுப் போங்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர் நல்லெண்ணத்தில் அதை மறுபடி போட்டுவிடுவார்.

## அறிகுறி: வரவு அறவே இல்லை

ஒரு கேரியர் மட்டும் காணவில்லை, மற்றவை இருக்கின்றன. கோளாறு உங்களுடையது அல்ல. எதிர்முனையை அழையுங்கள். அங்கே மின்சாரம் போயிருக்கலாம், அல்லது அவர்கள் மியூட் செய்திருக்கலாம். பல நேரங்களில் எதிர்முனையில் பராமரிப்பு வேலை நடக்கும், நமக்குச் சொல்ல மறந்திருப்பார்கள்.

எல்லாக் கேரியர்களும் பீக்கனும் சேர்ந்து போய்விட்டன. இப்போது எல்.என்.பி.க்கு (ஃபீடில் வரும் சிக்னலைப் பெருக்கி, அலைவரிசையை இறக்கித் தரும் பெட்டி) போகும் மின்சாரத்தை ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் மட்டம் சட்டென்று கீழே விழுந்தால் எல்.என்.பி. உயிரோடு இருக்கிறது, கேபிளும் தொடர்பில் இருக்கிறது. மட்டம் அசையவே இல்லை என்றால் எல்.என்.பி.யோ கேபிளோ செத்துவிட்டது. நான் செய்யும் சோதனைகளிலேயே செலவில்லாததும் அதிகம் பயன்படுவதும் இதுதான்.

*மட்டம் அசையவில்லை:* மின்வழங்கியில் எவ்வளவு மின்னோட்டம் காட்டுகிறது என்று பாருங்கள். சுழியம் என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. வழக்கத்தைவிட மிக அதிகம் என்றால் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது, அநேகமாகத் தண்ணீர். பிறகு மேலே ஏறி, எல்.என்.பி. முனையில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். வெறும் கேபிள் முனையில் 18 வோல்ட் காட்டியதும் "கேபிள் சரி" என்று இறங்கிவிடாதீர்கள். எல்.என்.பி.யை இணைத்து, அது மின்னோட்டம் இழுக்கும்போது அளந்தால் அதே முனையில் 11 வோல்ட் காட்டக்கூடும். அரித்துப்போன கனெக்டர் சுமை இல்லாதபோது நல்ல பிள்ளையாக இருக்கும்.

கனெக்டரைக் கழற்றும்போது விரலில் பச்சை படிந்த ஒரு சொட்டு நீர் விழுந்தால் கோளாறு கிடைத்துவிட்டது என்று பொருள். ஆனால் கனெக்டரை மட்டும் மாற்றி வேலையை முடிக்காதீர்கள். கேபிளின் மேலுறையைச் சீவி உள்ளே இருக்கும் பின்னல் கம்பியைப் பாருங்கள். அது கறுத்திருந்தால், பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒருமுறை இரண்டு மீட்டர் வெட்டியும் கறுப்பு நிற்கவில்லை. முழுக் கேபிளையும் மாற்றினோம். புதிய கனெக்டர் மீது தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், கூரை ஓடு வேய்வதுபோல. மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் மழைநீரை உள்ளே வரவேற்கும்.

கேபிள் சரி, மின்னழுத்தம் சரி, ஆனாலும் மட்டம் அசையவில்லை என்றால் எல்.என்.பி.யை மாற்றுங்கள்.

*மட்டம் விழுகிறது, ஆனால் கேரியர் ஏதும் இல்லை:* இரண்டு எல்.என்.பி. உள்ள நிலையம் என்றால், வேவ்கைட் (அலையைக் கடத்தும் உலோகக் குழாய்) சுவிட்ச் பழுதான எல்.என்.பி. பக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். அடுத்தது ஆண்டெனாவின் திசை. கட்டுப்பாட்டுப் பெட்டி காட்டும் ஏசிமுத் (கிடைத்திசைக் கோணம்), எலிவேஷன் (அடிவானத்திலிருந்து உயரக் கோணம்) எண்களை நோட்டில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். எண்கள் மாறவில்லை என்றாலும் வெளியே போய்க் கண்ணால் பாருங்கள். காற்றில் தாங்குகம்பியின் போல்ட் நழுவியிருந்தால் எண்கள் பொய் சொல்லும். தாங்குகம்பியோ அடித்தளமோ வளைந்திருந்தால் அத்துடன் நிறுத்திக்கொண்டு ஆண்டெனா கட்டமைப்புக்காரர்களை அழையுங்கள். வளைந்த இரும்பை நெம்பி நிமிர்த்திச் சாதித்தவர்களை நான் பார்த்ததில்லை.

## அறிகுறி: வரவு இருக்கிறது, வலு குறைந்துவிட்டது

எப்போது குறைகிறது என்ற கேள்விதான் இங்கே வழியைப் பிரிக்கிறது.

மழை பெய்யும்போது மட்டும். கு-பேண்ட், கே.ஏ-பேண்ட், சி-பேண்ட் என்பவை செயற்கைக்கோள் பயன்படுத்தும் அலைவரிசைத் தொகுதிகள். கு-பேண்டில் இது கோளாறே அல்ல. கே.ஏ-பேண்டில் இன்னும் கடுமையாக இருக்கும். சி-பேண்ட் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். மோடத்தில் தகவமைப்புக் குறியீடு இருந்தால் வேகம் தானே குறைந்து லிங்க் பிழைத்திருக்கும். இல்லாவிட்டால் காத்திருங்கள்.

ஆண்டெனாவை மட்டும் தொடாதீர்கள். நான் பார்த்த மிக மோசமான பழுது இப்படி வந்ததுதான். கொட்டும் மழையில் சிக்னல் இறங்கியது. இரவுப் பணியில் இருந்தவர் திசை மாறிவிட்டது என்று நினைத்து டிஷ்ஷை நகர்த்தத் தொடங்கினார். நகர்த்த நகர்த்த இன்னும் இறங்கியது, பிறகு ஓரிடத்தில் கொஞ்சம் ஏறியது. அங்கேயே இறுக்கிவிட்டார். அவர் பிடித்தது டிஷ்ஷின் முதன்மைக் கதிரை அல்ல, அதன் ஓரத்தில் இருக்கும் வலு குறைந்த பக்கக் கதிரை. காலையில் வானம் வெளுத்தது, லிங்க் வெளுக்கவில்லை. 3.7 மீட்டர் டிஷ்ஷுக்குக் கு-பேண்டில் கதிரின் அகலம் அரைப் பாகைக்கும் குறைவு. அதாவது டிஷ்ஷின் விளிம்பு ஏழெட்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பாதி வலு போய்விடும். மழையில், டார்ச் வெளிச்சத்தில், சிக்னல் தானே ஆடிக்கொண்டிருக்கும்போது செய்கிற வேலை அல்ல இது.

மழை நின்ற பிறகும் மணிக்கணக்கில். எங்கோ நீர் தங்கியிருக்கிறது. முதலில் ஃபீடின் வாயை மூடியிருக்கும் மெல்லிய தகட்டைப் பாருங்கள். பறவை கொத்தியோ வெயிலில் வெடித்தோ ஓட்டை விழுந்திருக்கும். குளவிகளுக்கும் அந்த இடம் மிகப் பிடிக்கும். அடுத்தது வேவ்கைட். உலர்காற்று ஏற்றும் டீஹைட்ரேட்டர் எத்தனை முறை இயங்குகிறது என்று கவனியுங்கள். முன்பு எப்போதாவது உறுமிய மோட்டார் இப்போது ஓயாமல் ஓடினால் கசிவு இருக்கிறது. அனுப்பும் பக்கத்தை அணைத்துவிட்டு, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள். கேஸ்கெட் மாற்றினால் தீரும் வேலை இது. வேவ்கைட்டுக்குள் நீர் தேங்கிப் பச்சை படிந்திருந்தால் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும்.

தினமும் ஒரே நேரத்தில், சில நிமிடங்கள். மாதத்தைப் பாருங்கள். சம இரவு நாட்களை ஒட்டிச் சில நாட்களுக்கு, சூரியன் சரியாகச் செயற்கைக்கோளின் பின்னால் வந்து நிற்கும். பூமியின் வடபாதியில் மார்ச் சம இரவு நாளுக்கு முன்பும் செப்டம்பர் சம இரவு நாளுக்குப் பின்பும் இது வரும், தென்பாதியில் நேர்மாறு. அப்போது கேரியர் குறைவதில்லை, இரைச்சல் மட்டம் உயர்கிறது. நடுவில் துணைப் பிரதிபலிப்பான் உள்ள டிஷ் என்றால் வெளியே போய்ப் பாருங்கள். அதன் நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் விழுந்திருக்கும். அந்த நிழலைக் காட்டினால் எந்த மேலாளரும் மறுபேச்சுப் பேச மாட்டார். செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. நாட்களை முன்கூட்டியே கணக்கிட்டு வாடிக்கையாளருக்குச் சொல்லிவிடுங்கள்.

ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. செயற்கைக்கோள் முதுமையடைந்து சாய்ந்த சுற்றுப்பாதையில் இருக்கலாம். எரிபொருளை மிச்சப்படுத்த வடக்கு–தெற்குத் திருத்தத்தை நிறுத்தியிருப்பார்கள். செயற்கைக்கோளை இயக்கும் நிறுவனத்திடம் கேளுங்கள். அங்கே எல்லாம் சரி என்றால் உங்கள் டிராக்கிங் (செயற்கைக்கோளைப் பின்தொடர்ந்து டிஷ்ஷைத் திருப்பும் அமைப்பு) உறங்குகிறது என்று பொருள். அதற்குக் கீழே "ஆண்டெனா ஓயாமல் தேடுகிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

வாரக்கணக்கில் மெல்ல மெல்ல. எதிரே வளர்ந்த மரக்கிளை, புதிதாக எழும்பிய கட்டடம், தளர்ந்த போல்ட், கிழடாகும் எல்.என்.பி. என்ற வரிசையில் பாருங்கள். மரத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். எலிவேஷன் குறைவான இடங்களில் நான் இருமுறை அரிவாளால் லிங்க்கை மீட்டிருக்கிறேன்.

## அறிகுறி: கேரியர் அழகாகத் தெரிகிறது, மோடம் அதைப் பிடித்துப் பூட்டிக்கொள்ள (லாக் ஆக) மறுக்கிறது

யாராவது மோடத்தை மாற்றினார்களா, அமைப்புகளை ஆலைநிலைக்கு மீட்டார்களா (ஃபேக்டரி ரீசெட்) என்று கேளுங்கள். ஆம் என்றால் சிம்பல் ரேட், குறியீட்டு விகிதம், ரோல்-ஆஃப் என இரு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டிய மோடம் அமைப்புகள் எல்லாவற்றையும் எதிர்முனையோடு வாய்விட்டுப் படித்து ஒப்பிடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பி ஒப்பிடும்போது இருவருமே "சரி" என்றுதான் பதில் போடுவார்கள்.

அது சரியாக இருந்தால் அலைவரிசை விலகல். அனலைசரில் கேரியரின் மையம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா? சாதாரண எல்.என்.பி.யின் உள் ஆஸிலேட்டர் (அலைவரிசையை இறக்க அது உண்டாக்கும் அலையின் மூலம்) வெப்பத்தில் சில நூறு கிலோஹெர்ட்ஸ் வரை நகரக்கூடும். அகன்ற கேரியரை மோடம் தேடிப் பிடித்துவிடும். 100 கிலோஹெர்ட்ஸ் அகலமே உள்ள சிறிய கேரியர் என்றால் பக்கத்தில் இருப்பதைப் பிடிக்கும், அல்லது ஒன்றையும் பிடிக்காது. பகலில் பூட்டாமல் இரவில் பூட்டும் லிங்க் என்றால் சந்தேகமே வேண்டாம். ஆஸிலேட்டர் நகராமல் பிடித்துவைக்கும் பி.எல்.எல். வகை எல்.என்.பி. போடுங்கள். வெளி ரெஃபரன்ஸ் (அலைவரிசையை நிலைநிறுத்தும் அளவுகோல் சிக்னல்) வாங்கும் வகை என்றால் அந்த 10 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் அதுவரை எட்டுகிறதா என்று பாருங்கள்.

சி-பேண்டில் மட்டும் வரும் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே எல்.என்.பி. ஆஸிலேட்டர் வழக்கமாக 5150 மெகாஹெர்ட்ஸ். வரும் அலைவரிசையைவிட மேலே. அதனால் ஸ்பெக்ட்ரம் தலைகீழாகும். மோடத்தில் ஸ்பெக்ட்ரம் இன்வர்ஷன் அமைப்பை மாற்றிப் பாருங்கள். மூன்று நாள் திண்டாடியவர்களுக்கு இதில் மூன்று நொடியில் பூட்டியது உண்டு.

## அறிகுறி: நமக்குக் கேட்கிறது, எதிர்முனைக்கு நாம் கேட்கவில்லை

ஆண்டெனா சரி, போலரைசேஷன் (அலை அதிரும் திசை) பெரும்பாலும் சரி என்பதற்கு வரவே சாட்சி. அதனால் டிஷ்ஷை மறந்துவிட்டு, மோடத்திலிருந்து வெளிநோக்கி நடங்கள்.

மோடம் மியூட்டில் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், முதலிடம் இதற்குத்தான். அடுத்தது, பி.யூ.சி.க்கு (மோடத்தின் சிக்னலைச் செயற்கைக்கோளின் அலைவரிசைக்கு ஏற்றும் பெட்டி) மின்சாரமும் 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸும் போகின்றனவா? ரெஃபரன்ஸ் இல்லாவிட்டால் பெரும்பாலான பி.யூ.சி.கள் தாமாகவே வாயை மூடிக்கொள்ளும். புதிதாக மாற்றிய மோடத்தில் இந்த இரண்டும் அணைந்த நிலையில் வருவது வழக்கம். நீளமான கேபிளில் 24 வோல்ட் பாதியிலேயே தேய்ந்துவிடுவதும் உண்டு. இங்கேயும் சுமையோடு அளக்க வேண்டும்.

பெரிய ஆம்ப்ளிஃபயர் உள்ள நிலையம் என்றால் அது ஸ்டாண்ட்பையில் நிற்கிறதா என்று பாருங்கள். டி.டபிள்யூ.டி. குழாய் வகைகள் சூடேறச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதற்குள் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. பிறகு வேவ்கைட் சுவிட்ச். ஒருமுறை ஆம்ப்ளிஃபயர் முழு வலுவைக் காட்டுகிறது, திரும்பிவரும் வலு இல்லை, எச்சரிக்கை விளக்கு ஒன்றுகூட எரியவில்லை, வானத்தில் மட்டும் எங்கள் கேரியர் இல்லை. முக்கால் மணி நேரம் ஆம்ப்ளிஃபயரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தற்செயலாக மூலையில் இருந்த டம்மி லோட் (சோதனையின்போது வலுவை வானத்துக்கு விடாமல் வெப்பமாக விழுங்கும் பெட்டி) பக்கம் கை போனபோது அனல் அடித்தது. முதல் நாள் சோதனைக்குப் பிறகு சுவிட்சை யாரும் திருப்பவில்லை. இப்போதெல்லாம் முதலில் டம்மி லோட் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்.

திரும்பிவரும் வலு அதிகமாகி ஆம்ப்ளிஃபயர் தானாக நின்றிருந்தால், ஒரே ஒருமுறை மீட்டமைக்கலாம். மறுபடி நின்றால் வேவ்கைட்டில் நீரோ தளர்ந்த இணைப்போ இருக்கிறது. அதைத் தேடாமல் இரண்டாம் முறை அமுக்குகிறவர் தன் கைப்பணத்தில் வாங்காத ஆம்ப்ளிஃபயரை வைத்து விளையாடுகிறார். ஹீலிக்ஸ் (குழாய்க்குள் இருக்கும் சுருள்) மின்னோட்டப் பழுது காட்டினால் உற்பத்தியாளரின் சேவைப் பொறியாளரை அழையுங்கள். மூடியைத் திறக்க வேண்டாம். உள்ளே இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட். அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மிச்சம் இருக்கும்.

## அறிகுறி: இணைப்பு இருக்கிறது, வேகம் இல்லை

மோடத்தின் பிழை எண்ணிக்கையைப் பாருங்கள். அது சுழியத்தில் நின்று, சிக்னல்–இரைச்சல் விகிதமும் வழக்கம்போல இருந்தால் ஆண்டெனா பக்கம் யாரையும் அனுப்பாதீர்கள். தவறு தரவுப் பக்கத்தில்.

பிங் நேரம் (ஒரு சிறு கேள்வி போய்ப் பதில் திரும்பிவர ஆகும் நேரம்) 550 முதல் 650 மில்லிநொடி என்றால் அது இயல்பு. செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி ஏறி இறங்க, பதிலும் ஏறி இறங்க வேண்டும். அதை எந்தப் பொறியாளரும் குறைக்க முடியாது. 1,200 மில்லிநொடி என்றால் போக்குவரத்து இருமுறை செயற்கைக்கோள் ஏறி வருகிறது, அல்லது எங்கோ வரிசை நிரம்பி வழிகிறது.

வேகம் "நேற்றிலிருந்து" குறைந்தது என்றால், நேற்று வாடிக்கையாளர் புதிய வி.பி.என். (தரவை மறைத்து அனுப்பும் சுரங்கம்) போட்டாரா என்று கேளுங்கள். ஐபிசெக் வகைச் சுரங்கத்துக்குள் போன டி.சி.பி.யை (பதில் வருவதைப் பார்த்துப் பார்த்துத் தரவை அனுப்பும் இணைய நெறிமுறை) மோடத்தின் முடுக்கியால் (அந்தக் காத்திருப்பைக் குறைக்கும் பகுதி) பார்க்க முடியாது. முடுக்கி இல்லாமல் இந்தத் தாமதத்தில் டி.சி.பி. நத்தையாகிவிடும். முடுக்கியைச் சுரங்கத்துக்கு உள்பக்கமாக, வாடிக்கையாளரின் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: இரைச்சல் மட்டத்தில் புதிய மேடு

ஒரு பகுதி மட்டும் உயர்ந்திருந்தால் குறுக்கீடு. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எல்லாம் நசுங்கித் தெரிந்தால் எல்.என்.பி. திணறுகிறது. சி-பேண்டில் இன்று முதல் சந்தேகம் 5ஜி கோபுரங்கள்மேல். பல நாடுகளில் அவை 3.3 முதல் 3.8 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. நம் வரவு 3.7 முதல் 4.2 வரை. ஃபீடுக்கும் எல்.என்.பி.க்கும் இடையே வடிகட்டி வைத்துப் பாருங்கள். எல்.என்.பி.க்குப் பிறகு வைத்தால் பயனில்லை. திணறல் அதற்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. வடிகட்டியும் போதாமல், கோபுரத்தின் அலைவரிசையே உங்கள் கேரியர்மேல் விழுந்தால் அலைவரிசை ஒழுங்குமுறை அமைப்பிடம் முறையிடுவதுதான் வழி. தேதி, நேரம், அனலைசர் திரையின் படங்களோடு போங்கள்.

## அறிகுறி: ஆண்டெனா ஓயாமல் தேடுகிறது

முதலில் மேனுவலுக்கு மாற்றி, உச்சத்தில் நிறுத்துங்கள். பீக்கன் ரிசீவர் சரியான அலைவரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள்; பீக்கனை விட்டுவிட்டுப் பக்கத்துக் கேரியரைத் துரத்துவது அதன் பழக்கம். அது சரி என்றால் கிரீஸ் வறண்ட ஜாக் (டிஷ்ஷைத் தள்ளி நகர்த்தும் தண்டு), லிமிட் சுவிட்சில் (எல்லையில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச்) நீர், கடைசியாக என்கோடர் (கோணத்தை அளந்து சொல்லும் உறுப்பு) என்ற வரிசையில் பாருங்கள். கியர் பெட்டி உறுமினால் மோட்டாரை ஓட்டாமல் ஆளை அழையுங்கள்.

## அறிகுறி: செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து தொலைபேசி

"உங்கள் கேரியர் எதிர்ப் போலரைசேஷனில் தெரிகிறது" அல்லது "பக்கத்துக் கேரியர்மேல் விழுகிறது" என்பார்கள். உடனே அனுப்புவதை நிறுத்துங்கள். உங்களுடையதுதானா என்ற விவாதத்தை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம். நிறுத்தியதும் அவர்கள் திரையில் அது மறைந்தால் விவாதமும் முடிந்தது.

காரணங்களில் எளிதானது வலு. யாரோ மழையில் ஏற்றிவைத்து, வெயிலில் இறக்க மறந்திருப்பார்கள். ஆம்ப்ளிஃபயர் அதன் எல்லையைத் தொடும்போது கேரியரின் இரு தோள்களும் வீங்கும். இரண்டு மூன்று டெசிபல் இறக்கினால் தோள்கள் படிந்துவிடும். அடுத்தது தவறான அலைவரிசை, மோடம் மாற்றிய அன்று ஓர் இலக்கம் பிசகியிருக்கும். மூன்றாவது ஃபீடின் சுழற்சி. எதிர்ப் போலரைசேஷனில் பொதுவாக 30 டெசிபல் பிரிப்பு எதிர்பார்ப்பார்கள். கட்டுப்பாட்டு மையத்துக்காரர் தொலைபேசியில் இருக்க, மாடுலேஷன் இல்லாத, அதாவது தகவல் ஏற்றாத, வெறும் கேரியரை அவர் சொல்லும் அலைவரிசையில் ஏற்றி, ஃபீடை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். எண் படிக்க ஒருவர், திருப்ப ஒருவர், மியூட் பொத்தானில் விரல் வைத்திருக்க ஒருவர். திருப்புகிறவர் டிஷ்ஷின் முன்னே நிற்காமல் பின்புறமிருந்து எட்டும் ஃபீடுகளுக்கே இந்த முறை. முன்னால் போனால்தான் கை எட்டும் என்றால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் நிறுத்தி, திருப்பி, விலகி, ஏற்றி அளக்க வேண்டும். பொழுது போகும், போகட்டும்.

மூன்று மணி நேரம் திருப்பியும் 25 டெசிபலைத் தாண்டவில்லை என்றால் ஃபீடுக்குள் கோளாறு, அல்லது டிஷ்ஷின் பரப்பு சிதைந்திருக்கிறது. ஆண்டெனா நிபுணரை வரச்சொல்லுங்கள். அவர் வந்து கையெழுத்திடும்வரை மியூட் பொத்தான்மேல் ஒரு சீட்டை ஒட்டிவையுங்கள். யார் நிறுத்தியது, எப்போது, யாரைக் கேட்டு மறுபடி போட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கட்டும்.